விருந்தாளிக்குச் சொல்கிற பதில்

எனக்கு எழுபத்தொரு வயது. வளர்த்த பிள்ளைகள் இருபத்தாறு. பெற்றது ஒன்றும் இல்லை. இதைச் சொன்னால் சிலர் முகத்தைச் சுருக்கிக்கொண்டு "ஐயோ பாவம்" என்பார்கள். எனக்கு அது பிடிக்காது. இருபத்தாறு பேருக்குத் தலை வாரிவிட்ட கை இது.

புருஷன் போனபோது எனக்கு முப்பது. அப்போது திருநின்றவூர் ஏரிக்குப் பின்னால், தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்காகச் சின்ன ஊர் மாதிரியே ஒன்று கட்டியிருந்தார்கள். பன்னிரண்டு வீடு. வீட்டுக்கு ஒரு அம்மா, ஒன்பது பத்துப் பிள்ளைகள், ஒரு அடுப்பு. விடுதி போல அண்டாவில் பொங்கிப் போடுகிற இடம் இல்லை. அந்தந்த வீட்டு அம்மா வைக்கிற குழம்புதான் அந்தந்தப் பிள்ளைகளுக்கு. எனக்கு ஐந்தாவது வீடு. நான் மூன்றாவது வரைக்கும்தான் பள்ளிக்கூடம் போனவள். பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து மிச்ச எழுத்தைக் கற்றுக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் விருந்தாளிகள் வேனில் வருவார்கள். அம்பத்தூர் கம்பெனிக்காரர்கள், ஐ.டி.யில் வேலை செய்கிறவர்கள், பிறந்தநாள் கொண்டாட வருகிறவர்கள். யார் வந்தாலும் முதலில் என் வீட்டுக்குத்தான் கூட்டி வருவார்கள். அதில் எனக்குப் பெருமை, மறைக்க மாட்டேன். மற்ற வீட்டுப் பிள்ளைகள் கட்டிலுக்கடியில் ஒளியும், தட்டைத் தள்ளிவிடும். என் பிள்ளைகள் உயர வரிசையில் நிற்கும். காலைச் சேர்த்து, கையைப் பின்னால் கட்டி, சிரித்த முகமாக. எப்படி இருக்கிறீர்கள் என்றால் "நல்லா இருக்கோங்க." எதைக் கேட்டாலும் "சரிங்க." வயிறு நிறைந்திருந்தாலும் கேக்கை வாங்கிக்கொள்ள வேண்டும். "வேணாம்னு சொன்ன வாயில சூடு வெப்பேன்" என்று மிரட்டியிருக்கிறேன். வைத்ததில்லை. ஆனால் மிரட்டினேன்.

விருந்தாளிகளில் யாராவது ஒருவர் வேடிக்கைக்குக் கேட்பார்: "எங்க வீட்டுக்கு வந்துடுறியா கண்ணு?" பிள்ளை உடனே "வரேங்க" என்னும். எல்லோரும் சிரிப்பார்கள், கன்னத்தைக் கிள்ளுவார்கள். வேன் போனதும் ஒருத்தி என் இடுப்பைக் கட்டிக்கொண்டு கேட்பாள்:

"யம்மா, இன்னிக்கு நாலு பேரு என்ன இட்டுகினு போறேன்னாங்கோ. எந்த ஊட்டுக்குப் போறது?"

"நாலு ஊட்டுக்கும் போய் பாத்திரம் கழுவு, போ" என்பேன்.

அப்படிக் கேட்டவளைப் பற்றித்தான் எழுத வந்தேன். நாலு வயதில் என்னிடம் வந்தவள். வீட்டிலேயே பெரிய வாயாடி.

அவளுக்குப் பதின்மூன்று வயதில், அதுவரை எட்டிப் பார்க்காத அவளுடைய பெரியப்பா வானகரத்திலிருந்து வந்தார். எங்கள் ரத்தம், நாங்களே வைத்துக்கொள்கிறோம் என்று மனு கொடுத்தார். சொந்தக்காரர் கேட்டால் அதற்கென்று இருக்கிற குழு விசாரிக்கும். பிள்ளையின் விருப்பத்தையும் கேட்பார்கள். நான் எண்ணெய் வைத்து, இரட்டைச் சடை பின்னி, ரிப்பன் கட்டிக் கூட்டிப் போனேன்.

மேசைக்குப் பின்னால் ஐந்து பேர். நான் கதவோரம் நின்றேன். நடுவில் இருந்த அம்மாள் நல்லவிதமாகத்தான் கேட்டார்: "பெரியப்பா வீட்டுக்குப் போக உனக்கு இஷ்டமாம்மா?"

அவள் காலைச் சேர்த்தாள். கையைப் பின்னால் கட்டினாள். சிரித்தாள்.

"சரிங்க."

"பயப்படாம சொல்லு. நிஜமாவே போறியா?"

"போறேங்க."

எழுதிக்கொண்டார்கள். அது யார் கற்றுக்கொடுத்த பதில் என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். வாயைத் திறந்திருக்கலாம். திறந்தால், என் பிள்ளைகளின் சிரிப்பெல்லாம் நான் பழக்கி வைத்தது என்று ஐந்து பேர் முன்னால் சொல்ல வேண்டும். என் வீட்டுக்கு இருந்த பெயர் போய்விடும். அதற்காகத்தான் பேசாமல் இருந்தேன். வேறு காரணம் இல்லை.

வெளியே வந்ததும் முந்தானையைப் பிடித்தாள். "யம்மா, நான் சும்மா சொன்னேம்மா. நெசமாவே போவணுமா?"

"பெரியவங்க எழுதிட்டாங்க கண்ணு" என்றேன்.

அவள் போன பிறகு எங்கள் அலுவலகத்துப் பெண் ஒருத்தி இரண்டு முறை வானகரம் போய்ப் பார்த்து வந்தாள். "நல்லா கீறேன்னு சொல்லுதும்மா. சிரிச்ச மூஞ்சா கீது" என்றாள். அது எந்தச் சிரிப்பு என்று எனக்குத் தெரியும். அப்படியும் ஐந்து மாதம் தள்ளிப்போட்டுத்தான் பஸ் ஏறினேன்.

பெரியப்பா வாசலிலேயே இருந்தார். "வாம்மா, நல்லா பாத்துக்கோ. ஊட்டுப் புள்ளையாட்டம் வெச்சுகினு கீறோம்."

அவள் பின்பக்கத்திலிருந்து வந்தாள். இடுப்பில் ஒரு கைக்குழந்தை. கையெல்லாம் சோப்பு நுரை, விரல் இடுக்கில் வெடிப்பு. பள்ளிக்கூடம் விடுகிற நேரம்கூட ஆகவில்லை.

"இஸ்கூலுக்குப் போவலையா?" என்றேன்.

குழந்தையை இறக்கிவிட்டாள். காலைச் சேர்த்தாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"நல்லா இருக்கேங்க."

ஒன்பது வருஷம் வளர்த்தவள் நான். அன்றைக்கு விருந்தாளி ஆனேன்.

மறுநாளே குழுவின் முன்னால் போய் நின்றேன். "அது அவ பதில் இல்லீங்க. யார் கேட்டாலும் சரின்னு சொல்ல நான்தான் பழக்கினேன்" என்றேன். நடுவில் இருந்த அம்மாள் பேனாவை வைத்துவிட்டு, "இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?" என்றார்.

விசாரித்து முடிக்க இன்னும் ஏழெட்டு மாதம் ஆனது. திரும்பி வந்தவளைப் பள்ளிக்கூடத்தில் தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்காரவைத்தார்கள். வாயாடி வரவில்லை. சொன்ன வேலையைச் செய்கிற ஒருத்திதான் வந்தாள். மற்ற பிள்ளைகளிடம், பிடிக்காவிட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள் என்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே இருப்பதில் சின்னது ஒரு விருந்தாளியின் சட்டைமேல் கேக்கைத் தட்டிவிட்டது. அலுவலகத்தில் கூப்பிட்டுத் திட்டினார்கள். சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன். அதற்கப்புறம் என் வீட்டை முதலில் காட்டுவதில்லை.

இவளுக்கு மட்டும் அந்தப் பழக்கம் போகவில்லை. இப்போது முப்பது வயது. அம்பத்தூரில் தையல் கம்பெனியில் வேலை, கல்யாணமாகிப் பூந்தமல்லியில் குடித்தனம். நான் வேலையிலிருந்து ஓய்ந்து, சேக்காட்டில் என் பெரிய பையன் வீட்டில் இருக்கிறேன். அவனும் நான் வளர்த்தவன்தான். போன ஞாயிறு இவள் தனியாக வந்தாள், தோளில் பெரிய பையோடு.

"இன்னாடி, பை இம்மாம் பெருசு கீது?"

"தைக்கிற துணிம்மா."

"ஊட்டுக்காரரு எப்படி கீறாரு?"

"நல்லா இருக்கோம்மா."

அதே சிரிப்பு. சாயங்காலம் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நான் மறுபடியும் பேசாமல் அனுப்பிவைத்தேன்.

வருகிற ஞாயிறு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். நேரில் எனக்கு வாய் வராது, அது எனக்கே தெரிந்துவிட்டது. அதனால் ஐந்து நாளாக இதை எழுதுகிறேன். வந்ததும் அவள் கையில் கொடுக்கப்போகிறேன். கண்ணு, நான் விருந்தாளி இல்லை. எனக்கு நீ சரி என்று சொல்ல வேண்டாம். பையில் இருப்பது தைக்கிற துணிதான் என்றால் நல்லது. இல்லை, வீட்டை விட்டு எடுத்து வந்த உன் உடுப்பு என்றால் அதை இங்கேயே இறக்கி வை. உன் அண்ணனிடம் நான் பேசிவிட்டேன்.

பேத்தி எதிரில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறாள். ஏழாவது படிக்கிறாள், என்னைவிட நாலு வகுப்பு அதிகம்.

"கண்ணு, இத ஆயாவுக்குச் சத்தமா படிச்சுக் காட்டு. தப்பத் திருத்தாத, எங்க புரியலன்னு மட்டும் சொல்லு. படிக்க இஷ்டமில்லன்னா அதையும் சொல்லு."