விரலுக்குத் தெரிந்த கோடு

மோல்டு வேலைக்கு வருகிறவள் கையில் வளையல் இருக்கக் கூடாது. விழிஞ்ஞத்தில் யோசுவா முதலாளியின் படகுக் கம்பெனியில் அதுதான் முதல் சட்டம். 1993இல், கல்யாணமான எட்டாம் நாளே இசக்கிசெல்வி அதை மீறினாள். புதுப்பெண் வெறுங்கையோடு போவதாவது என்று மாமியார் ஒற்றைக்காலில் நின்றதுதான் காரணம்.

மோல்டு என்பது படகின் அச்சு. அதற்குள் பைபரை ஒட்டிக் காயவைத்து எடுத்தால் படகு. ஒட்டுவதற்கு முன் உள்ளே இறங்கி மெழுகு தேய்ப்பது அவள் வேலை. இணைப்பு விட்டுப் பிளந்த கவரிங் வளையல் மோல்டின் அடிப்பக்கத்தில் விரல் நீளத்துக்குக் கீறிவிட்டது. பயத்தில் மெழுகை அப்பி மறைத்தாள். அன்று முதல் பிறந்த படகுக்கெல்லாம் அடியில் மயிரிழை மேடு. பெயின்ட் அடித்தால் கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும்.

கம்பெனி ஓகோவென்று வளர்ந்தது. மாதம் மூன்று படகு இறங்கிய இடத்தில் பன்னிரண்டு இறங்கியது. ஒவ்வொன்று வெளியே போகும்போதும் அவள் வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள்.

2001இல் ஆர்டர் படுத்தது. புதிதாக முளைத்த ஒரு கம்பெனி அச்சு அசலாக இதே படகை மலிவாக விற்றது. யோசுவா ஒன்றை வாங்கிவந்து, கவிழ்த்துப் போட்டுச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"நம்ம போட்டுல இருந்துதான் மோல்டு எடுத்திருக்கான். ஒரு அடையாளம் கிட்டினா போதும், கோர்ட்ல நிறுத்திருவேன்" என்றார்.

அவர் போனதும் இசக்கிசெல்வி அடியில் விரலை ஓட்டினாள். அவளுடைய கோடு அப்படியே இருந்தது.

வீட்டில் கணவன் லிங்கத்திடம் சொன்னாள். அவன் வாயை அடைத்தான்.

"மிண்டாம இரி பிள்ளே. எட்டு வருசமா மறைச்சேன்னு தெரிஞ்சா ஜோலி போவும்."

நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றே மூன்று வருடம் தவித்தாள். முதலாளியின் செருப்புச் சத்தம் கேட்டாலே எழுந்து நிற்பாள், வாய் வராமல் உட்கார்ந்துவிடுவாள். 2004இல் கம்பெனி கேட்டில் பூட்டு விழுந்தது. வேலையைக் காப்பாற்றப் போய் வேலை கொடுத்தவரைக் கவிழ்த்துவிட்டோமே என்று குமுறி அழுதாள். அந்தப் புதுக் கம்பெனிமேல் யோசுவா போட்ட கேஸ் மட்டும், காட்ட ஒரு அடையாளம் கிடைக்காமல், வஞ்சியூர் கோர்ட்டில் இழுத்துக்கொண்டு கிடந்தது.

வயிறு கேட்குமா? அந்தப் புதிய கம்பெனிக்கே வேலைக்குப் போனாள். இந்த முறை வளையலைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு மோல்டுக்குள் இறங்கினாள். சூப்பர்வைசர் குனிந்து பார்த்தான்.

"சேச்சி, இங்க ஒரு கோடு உண்டு கேட்டோ. புட்டி போட்டுத் தேச்சுக் களையணும்."

பள்ளம் அடைக்கும் புட்டிப் பசையைக் குழைத்தவள், தன் கோட்டின்மேல் ஒருமுறை விரலை ஓட்டினாள். பிறகு மத்தியானம்வரை தேய்த்தாள். இப்போது விரலுக்கும் தெரியவில்லை. நல்ல வேலைக்காரி என்று முதல் நாளே பெயர் வாங்கினாள்.