இருபது என்று எழுதிய வாரம்

தாதியர் கல்லூரியில் சேர்ந்த அன்றே கையில் ஒரு பட்டியலைக் கொடுத்துவிட்டார்கள். வெள்ளைக் காலணி இரண்டு ஜோடி, ஸ்டெதஸ்கோப், முனை மழுங்கிய கத்தரிக்கோல், நான்கு வண்ணப் பேனா, சட்டைப்பையில் அடங்கும் நோட்டு, முடிவலை, நெஞ்சில் குத்திக்கொள்ளும் கடிகாரம். இவை இல்லாமல் வார்டுக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது என்று அடியில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. எனக்கு அப்போது இருபத்தேழு வயது. கிள்ளானுக்குப் பக்கத்தில் மேருவில் ஒரு கையுறைத் தொழிற்சாலையின் பேக்கிங் பகுதியில் ஆறு வருடம் நின்றவள். இன்னும் நின்றால் கால் வீங்குவதைத் தவிர வேறொன்றும் நடக்கப்போவதில்லை என்று தோன்றிய ஒரு நாளில் வேலையை விட்டுவிட்டேன். கூடப் படித்தவர்கள் பள்ளி முடித்த கையோடு வந்த பிள்ளைகள். என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள், அவ்வப்போது வாய் தவறி ஆன்டி என்றும் வரும்.

வகுப்பு பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் மூன்றாம் மாடியில். அதே வரிசையில் சீருடையும் தாதியர் சாமான்களும் விற்கும் கடை இருந்தது. செராஸிலிருந்து வரும் ஒரு பெண்ணும் நானும் சேர்ந்து போனோம். அவள் பார்த்ததையெல்லாம் எடுத்தாள், நான் பட்டியலில் இருந்ததை மட்டும், அதிலும் மட்டமானதாகப் பார்த்து எடுத்தேன். இத்தனை வருடம் கழித்துச் சொல்கிறேன், அந்தப் பட்டியலில் பாதி வெறும் அலங்காரம். வார்டில் ஏறக்குறைய எல்லாவற்றையும் இயந்திரம் அளந்துவிடும். ஸ்டெதஸ்கோப் கழுத்தை உறுத்திக்கொண்டு தொங்கும். நான்கு வண்ணப் பேனாவை டாக்டர்கள் ஒரு நிமிடம் என்று வாங்குவார்கள், அதோடு சரி. கத்தரிக்கோல் எனக்குப் பெரும்பாலும் தாபாவ் என்று கட்டி வாங்கிவரும் சாப்பாட்டுப் பொட்டலத்தின் ரப்பர் பேண்டை வெட்டத்தான் உதவியது.

படிப்புக்கு என்று நான் செய்துகொண்டவை வேறு. புத்தகம் தலையணை கனம். அதை ரயிலில் தூக்கிக்கொண்டு போக முடியாது. ஆகவே தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்த பழைய கையுறைப் பெட்டிகளைச் சீட்டு அளவில் வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு விஷயத்தை எழுதி வைத்துக்கொண்டேன். முன்பக்கம் என் கையெழுத்து, பின்பக்கம் கையுறையின் சைஸ். கிள்ளானில் ரயில் ஏறியதும் சீட்டுகளை எடுப்பேன். ஷா ஆலம் வருவதற்குள் தூங்கிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமைகளிலும் பழைய தொழிற்சாலைக்கே போய் தினக்கூலிக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். படிப்பின் இரண்டாம் வருடத்தை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது பாடமல்ல, தூக்கம்தான்.

அந்தச் சீட்டுகளில் ஒன்றில் இப்படி எழுதியிருந்தேன்: மூச்சு, நிமிடத்துக்குப் பன்னிரண்டு முதல் இருபது. முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். வார்டில் இயந்திரம் அளக்காமல் விட்டிருந்தது மூச்சு ஒன்றைத்தான். அதைக் கண்ணால் பார்த்து, கடிகாரத்தின் விநாடி முள்ளை வைத்து எண்ண வேண்டும். பட்டியலில் இருந்த கடிகாரம் அதற்காகத்தான். எண்ணுவதிலும் ஒரு தந்திரம் உண்டு. மூச்சை எண்ணுகிறோம் என்று தெரிந்தால் நோயாளி மூச்சை மாற்றிவிடுவார். அதனால் நாடி பார்த்து முடிந்த பிறகும் மணிக்கட்டை விடாமல் பிடித்துக்கொண்டு, நாடி பார்ப்பதுபோலவே நின்று நெஞ்சின் ஏற்ற இறக்கத்தை எண்ண வேண்டும். நடிக்க எங்களுக்கு முறைப்படி சொல்லிக் கொடுத்தார்கள். நான் அதற்கும் ஒரு படி மேலே போனேன்.

ஒரு நாள் வார்டிலிருந்து வந்த அசதியில் சீருடையை அப்படியே வாஷிங் மெஷினில் போட்டுவிட்டேன், கடிகாரத்தோடு. வெளியே எடுத்தபோது நாலு பத்தில் நின்றிருந்தது. தட்டினேன், உதறினேன், அரிசிக்குள் புதைத்து வைத்தேன். அசையவில்லை. சனிக்கிழமை பிரிக்ஃபீல்ட்ஸ் போகும்போது புதிது வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் கால் நேரே ரயில் நிலையத்துக்குத்தான் நடந்தது. அடுத்த சனிக்கிழமையும் அப்படியே.

தினமும் காலை ஆறே முக்காலுக்கு எங்கள் பயிற்சி ஆசிரியை வரிசையில் நிற்க வைத்துப் பார்ப்பார். நகம், முடிவலை, காலணி, பேனா, கத்தரிக்கோல், கடிகாரம். கடிகாரம் இருக்கிறதா என்றுதான் பார்த்தார், ஓடுகிறதா என்று பார்க்கவில்லை. நாலு பத்தைக் காட்டிக்கொண்டு நான் வரிசையில் நின்றேன். கடிகாரம் தலைகீழாகத் தொங்குவதால் எதிரே நிற்பவருக்கு அது சட்டென்று புரியவும் புரியாது.

முதல் நாள் மனசு உறுத்தியது. செராஸ்காரியிடம் அவள் கடிகாரத்தைக் கேட்டேன். அவள் சிரித்தாள்.

"இருபது போடுக்கா. எல்லாரும் இருபதுதான் போடுறாங்க. சார்ட்ட பாருலா."

பார்த்தேன். உண்மைதான். வார்டில் இருபத்தெட்டு கட்டில். இருபத்தெட்டு சார்ட்டிலும் மூச்சுக் கட்டத்தில் இருபது, இருபது, இருபது. மாணவிகள் எழுதியது, நிரந்தரத் தாதியர் எழுதியது, எல்லாம் ஒரே எண். அந்த வார்டில் கிழவரும் இளைஞரும் தூங்குபவரும் வலியில் முனகுபவரும் ஒரே தாளத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். சுவரில் ஒரு பெரிய கடிகாரம் இருந்தது, அதில் விநாடி முள்ளும் இருந்தது. சாக்குக்காக அதை மறைக்க மாட்டேன். ஒரு கட்டிலுக்கு ஒரு நிமிடம் என்றால் இருபத்தெட்டு நிமிடம். அந்த இருபத்தெட்டு நிமிடம் எனக்கு உட்காரக் கிடைத்தது, அவ்வளவுதான்.

ஜன்னலோரக் கட்டிலில் போர்ட் கிள்ளானைச் சேர்ந்த ஒரு அங்கிள் இருந்தார். சர்க்கரை நோய், காலில் புண், அதில் கிருமி. துறைமுகத்தில் முப்பது வருடம் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் சரக்கை நின்று எண்ணி எழுதுகிற வேலை. வேலையை விட்ட பிறகும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. எங்களை அங்கே எல்லோரும் கூப்பிடுவதுபோல மிஸி என்று கூப்பிட்டு, நான் சார்ட்டை எழுதி முடிக்கும் ஒவ்வொரு முறையும் நம்பரைக் கேட்பார். காய்ச்சல் எவ்வளவு, பிரஷர் எவ்வளவு, நாடி எவ்வளவு, மூச்சு எவ்வளவு. நான் சொல்லச் சொல்ல ஒரு மருந்து உறையின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு எழுதிக்கொள்வார். எழுத்து அச்சடித்ததுபோல இருக்கும். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் மகளுக்குப் பரிசம். அதற்குள் டிஸ்சார்ஜ் ஆக வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே கவலை. நம்பரெல்லாம் நன்றாக இருந்தால் விடுவார்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் அவர் கட்டிலும் என் சுற்றில் வந்தது. காலையில் ஒருமுறை, பத்தரைக்கு ஒருமுறை. மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, நின்றுபோன கடிகாரத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டு, மதியம் என்ன சாப்பிடலாம் என்று யோசித்துக்கொண்டு நின்றேன். பிறகு இருபது என்றேன். இருபது நல்லதுதானே என்று ஒவ்வொரு முறையும் கேட்டார். நார்மல் அங்கிள் என்று ஒவ்வொரு முறையும் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வரும். உறையில் எழுதிக்கொள்வார்.

வியாழக்கிழமை பதினொன்றரை இருக்கும். வார்டின் மூத்த தாதி, ஒரு மலாய்க்கார அம்மா, மருந்து கொடுக்கப் போனவர், அங்கிளால் ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியவில்லை என்பதைக் கவனித்தார். கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே நின்று எண்ணினார். முப்பத்தாறு. அடுத்த பத்து நிமிடத்தில் டாக்டர்கள் வந்தார்கள், முகமூடி வந்தது, ஆக்ஸிஜன் வந்தது. கால் புண்ணின் கிருமி ரத்தத்தில் ஏறியிருந்தது. கட்டிலைத் தள்ளிக்கொண்டு தீவிர சிகிச்சைப் பகுதிக்குப் போனார்கள். போகும்போது அவர் கையில் அந்த உறை இருந்தது.

நான் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அழுதது முழுக்க அவருக்காக என்று சொன்னால் பொய். கல்லூரியிலிருந்து அனுப்பிவிடுவார்கள், மறுபடி மேருவில் போய் நிற்க வேண்டும் என்ற பயம்தான் முதலில் வந்தது. வெறும் ஒரு மணி நேரத்துக்கு முன்னால் நான் எழுதிய இருபது, என் கையெழுத்தோடு அந்தச் சார்ட்டில் இருந்தது.

மூத்த தாதியிடம் போய், நான் எண்ணவில்லை என்று சொன்னேன். அவர் சார்ட்டை என் முன்னால் போட்டு விரலை மேலிருந்து கீழே ஓட்டிக் காட்டினார். மாலை ஷிஃப்ட் இருபது, இரவு ஷிஃப்ட் இருபது, முந்தைய நாள் அவரே எழுதிய இருபது. உன்னுடையது மட்டுமா இருக்கிறது என்று மலாயில் கேட்டார். கோபம் இல்லை, என்னைப் போலவே அவரும் களைத்திருந்தார். போய் வேலையைப் பார் என்றார். அன்று மதியம் பயிற்சி ஆசிரியை வந்து என் பயிற்சிப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார். நாடி, ரத்த அழுத்தம், மூச்சு எண்ணுதல்: தேர்ச்சி. அந்தக் கையெழுத்துக்காக நான் எட்டு வாரம் காத்திருந்தேன். பதிவேட்டை மூடிப் பையின் அடியில் போட்டேன்.

அன்று ரயில் ஏறுமுன் பிரிக்ஃபீல்ட்ஸ் போய்க் கடிகாரம் வாங்கினேன். கடைக்காரர் இது தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது என்றார். இதை முதல் கடிகாரம் வாங்கிய அன்றே சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று அவர் மேல் எரிச்சல் வந்தது. அவர் என்ன செய்வார் பாவம்.

அடுத்த செவ்வாய்க்கிழமைதான் அங்கிளைப் பார்க்கப் போக எனக்குத் தைரியம் வந்தது. ஷிஃப்ட் முடிந்து, மதியம் இரண்டரைக்கு. மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பரிசத்தை மகள் வீடியோ காலில் காட்டினாளாம், முகமூடியோடு பார்த்தாராம். அதைச் சொல்லிவிட்டு, வழக்கம்போல மணிக்கட்டை நீட்டினார். நான் பிடித்தேன். புதுக் கடிகாரத்தைப் பார்த்து, முழு ஒரு நிமிடம், அவர் நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணினேன். ஒரு நிமிடம் எவ்வளவு நீளம் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

இருபத்தாறு என்றேன். மேசையிலிருந்து உறையை எடுத்து எழுதினார். எழுதிவிட்டு மேலே இருந்த வரிசையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அப்போ இதெல்லாம்?"

"எண்ணல அங்கிள். எண்ணாமலே எழுதிட்டேன்."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மெதுவாகத்தான் சொன்னார்.

"புதன்கிழமையே மூச்சு வாங்குச்சு, மிஸி. இருபதுன்னு நீ சொன்ன. அப்போ எனக்குத்தான் பயத்துல அப்படித் தோணுதுன்னு நினைச்சேன். உன் நம்பர நம்பி என் நெஞ்ச நம்பாம விட்டுட்டேன்."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கினாரா என்று தெரியவில்லை. உறையை என் பக்கம் நகர்த்தினார். டாலியில் தப்பு வந்தால் அழிக்கக் கூடாது, ஒரே கோடாக அடித்துப் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். அது எனக்குத் தெரியும். எங்கள் சார்ட்டுக்கும் அதே விதிதான், முதல் வருடமே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நான்கு வண்ணப் பேனாவை எடுத்துச் சிவப்பை அழுத்தினேன். ஆறு இருபதுகள். ஒவ்வொன்றையும் அடித்து ஒவ்வொன்றின் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். பிறகு உறையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் என்னை வேறு வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். அவர் வீடு திரும்பினார் என்று கேள்விப்பட்டேன். இப்போது நானே ஒரு வார்டில் மூத்த தாதி, அசதியும் அப்படியேதான் இருக்கிறது. மூச்சு எண்ணும்போது மட்டும் யாரையும் என்னிடம் பேச விடுவதில்லை. அந்த மருத்துவமனையின் சார்ட்டை நான் திருத்தவில்லை, யாரும் திருத்தச் சொல்லவும் இல்லை. எந்த அலமாரியில் இருக்கிறதோ, அந்தச் சார்ட்டில் அவர் இன்னும் நிமிடத்துக்கு இருபது மூச்சுதான் விட்டுக்கொண்டிருக்கிறார்.