எஸ்தர் பாடிய கம்ப்யூட்டர்

மனைவி எஸ்தரின் முதலாண்டு நினைவு ஜெபத்துக்கு உறவெல்லாம் இடைசெவலில் எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தது. அவள் கிறிஸ்துமஸுக்குப் பாடிய ஒரே வீடியோ, அவள் ஆசையாக வாங்கிய பழைய கம்ப்யூட்டரில் திக்கித் திக்கி ஓடியது. அதைப் பெரிய டிவியில் தடையில்லாமல் ஓடவைக்க, கோவில்பட்டிக்கு கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போனேன்.

கடைக்காரர் சின்ன கார்டு ஒன்றை எடுத்துவைத்தார். "இதே போதும் அண்ணாச்சி. பெருசு போட்டா உங்க பழைய பவர் சப்ளை தாங்காது. மொதல்ல வீடியோவ பென்டிரைவ்ல ஏத்திக்கிடுங்க."

"அவளுக்குச் செய்யுததுல என்னய்யா சின்னது? அவ வாங்குன பெட்டியிலயே ஜம்முனு பாடட்டும்" என்று பெரியதையே வாங்கிவந்து மாட்டினேன்.

திரையில் அவள் முகம் தெளிந்தது. பாட வாய் திறந்தாள். பட்டென்று ஒரு சத்தம், கருகிய வாடை. பவர் சப்ளை தான் போனதோடு ஹார்ட் டிஸ்க்கையும் கொண்டுபோய்விட்டது. கடைக்காரர் எவ்வளவோ பார்த்தும் எதுவும் மீளவில்லை. ஜெபத்துக்கு வந்தவர்கள் அணைந்த டிவிக்கு முன்னால் உட்கார்ந்து அவள் பாட்டைப் பாடினார்கள். எத்தனை குரல்கள், அவள் குரலைத் தவிர.

இப்போது மகள் போனில் பேசுவதையெல்லாம் பதிவுசெய்து இரண்டு இடங்களில் வைக்கிறேன். "எப்பா, நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்று திட்டுகிறாள். அந்தத் திட்டையும் சேமிக்கிறேன்.