பாசிக்குப் போகும் தாய்மாரும் என் ஊசிப் பெட்டியும்

கிராமச் செவிலியர் வேலையில் ஊசி போட அரை நிமிஷம் போதும். பிள்ளையை வரவழைக்கத்தான் மாதக்கணக்காகும். வீடு வீடாகக் கதவு தட்டிப் பிழைக்கும் என் செவிலியர் இனத்தாரே, உங்களுக்குச் சொல்லவா வேண்டும்?

ஆளில்லாத புதன்

உச்சிப்புளி தாண்டி ஒரு கடலோர ஊர். புதன்கிழமை தடுப்பூசி. பெட்டியோடு அங்கன்வாடியில் மதியம் வரை உட்கார்ந்திருந்தேன். ஒரு பிள்ளையும் வரவில்லை. கோபத்தோடு கரைக்குப் போனால், தாய்மாரெல்லாம் இடுப்பளவு தண்ணீரில், விற்பதற்குக் கடல்பாசி பறிக்கிறார்கள்.

முனீஸ்வரி கரையேறி வந்தாள். பாறை கிழிக்காமலிருக்க விரலெல்லாம் துணி சுற்றியிருந்தது. அவள் மகளுக்கு நாலு மாதம். இரண்டாவது ஊசியே தள்ளிப்போயிருந்தது. பக்கத்து ஊரில் ஒரு கைக்குழந்தைக்குக் கக்குவான் இருமல் வேறு வந்திருந்தது. கத்தித் தீர்த்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

“நீங்க கிழமை பாத்து வாரீக சிஸ்டர், நாங்க கடல் வத்துறதப் பாத்துப் போறோம்.”

மூன்று மணி

டாக்டரிடம் கெஞ்சி, கடல் அதிகம் வற்றும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய புதன்களில் நேரத்தை மூன்று மணிக்கு மாற்றினேன். அப்படியும் பாதிப் பேர்தான் வந்தார்கள். முனீஸ்வரி வாசல் வரை வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. கக்குவானைப் பற்றி நான் மறுபடியும் பாடம் எடுக்க ஆரம்பித்தேன். என் வாய் அப்படி.

“ஊசி வேணாங்கல சிஸ்டர். ராத்திரி காய்ச்சல் அடிச்சா நாளைக்குப் பாசிக்கு யாரு போவா?”

பின்னால் நின்ற, அவளோடு பாசிக்குப் போகும் செல்வி அவள் காதில் ஏதோ சொன்னாள். முனீஸ்வரி பிள்ளையை மடியில் வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

காய்ச்சல் வீட்டுப் பங்கு

மறுநாள் காய்ச்சல் பார்க்கப் போனேன். பிள்ளைக்கு லேசான சூடுதான். மருந்து கொடுத்துக்கொண்டிருந்தபோது பெண்கள் கடலிலிருந்து திரும்பினார்கள். ஒவ்வொருத்தியும் தன் சாக்கிலிருந்து ஒரு அள்ளு பாசி எடுத்து, முனீஸ்வரி வீட்டு வாசலில் கிடந்த வெறும் சாக்கில் போட்டாள். சாக்கு முக்கால்வாசி நிறைந்தது. இத்தனை வருஷம் நான் கொடுத்த நோட்டீசில் இந்த யோசனை இல்லை.

செல்வி மட்டும் சாதாரணமாகச் சொன்னாள்:

“அடுத்த புதன் என் பிள்ளைக்கு. என் சாக்க இப்பவே தச்சு வச்சுட்டேன்.”

மூன்றாவது ஊசி

நாலு வாரம் கழித்து பஸ் தாமதம். ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தால் அங்கன்வாடி வாசலில் இடமில்லை. முதல் ஆளாக முனீஸ்வரி, அட்டையை நீட்டிக்கொண்டு:

“எம்புள்ளைக்கு நாள் தப்பல சிஸ்டர், நீங்கதான் அரை மணி லேட்டு.”

அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் காலத்தில் ஊசி போட்டதற்காக எனக்குத்தான் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள், நானும் வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.