யார் பக்கத்துச் சீக்கு

மகளுக்குத் தலை நிற்காத வயசு. குளிப்பாட்டி எண்ணெய் வைக்கும்போது உச்சிக்குழியைத் தேடினேன், இல்லை. காதுக்குக் காது வரப்பு மாதிரி ஒரு மேடு. நெற்றி புடைத்து, கண்கள் முன்னால் தள்ளி நின்றன.

எங்கள் ஊர் கேரள எல்லையில். பக்கத்து டவுன் டாக்டர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "சாரமில்ல, வளரும்போ சரியாகும்" என்று, பரவாயில்லை என்பதை மலையாளத்தில் சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

என் வீட்டுக்காரரின் அக்காவை நங்கையா என்று கூப்பிடுவேன். அவர் குழந்தையைப் பார்த்ததும் தீர்ப்பே சொல்லிவிட்டார். "கிரகணத்தன்னைக்கு வெளிய போயிருப்பே. இல்லீன்னா உன்ற ஊட்டுப் பக்கத்துச் சீக்காத்தான் இருக்கோணும்." தோப்பில் தேங்காய் போட வந்தவர்கள் வரைக்கும் இந்தக் கதை போனது. என் வீட்டுக்காரர் வாயைத் திறக்கவே இல்லை.

நானே குழந்தையைத் தூக்கிக்கொண்டு கோயம்புத்தூர் பஸ் ஏறினேன். அங்கே ஸ்கேன் பார்த்த டாக்டரம்மாவின் முகம் மாறியது. மண்டை எலும்புகளுக்கு நடுவே இருக்கும் இணைப்பு, மூளை வளர வளர இடம் கொடுக்க வேண்டுமாம். இவளுக்கு அதற்குள் மூடிவிட்டது, ஆபரேஷனைத் தள்ளிப்போட முடியாது என்றார். அடுத்த தடவை வீட்டுக்காரரையும் கூட்டிப்போனேன்; எங்கள் மூன்று பேர் ரத்தமும் ஜீன் டெஸ்டுக்குப் போனது.

முடிவு வந்த அன்று டாக்டரம்மா என் வீட்டுக்காரரின் முகத்தையே பார்த்தார். "உங்க கண்ணும் லேசா முன்னால தள்ளித்தான் இருக்குது. அதே ஜீன் உங்களுக்கும் இருக்குதுங்க. உங்ககிட்ட அடக்கமா இருந்தது, பாப்பாகிட்ட பலமா வேலை செஞ்சிருக்குது. யார் தப்பும் இல்லீங்க."

என் வீட்டுக்காரர் குடும்பத்தில் பாதிப் பேருக்கு அந்தக் கண்தான். நங்கையாவுக்கும்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. முகமெல்லாம் வீங்கி, கண் திறக்க முடியாமல் கிடந்த பிள்ளையைப் பார்க்க வந்த நங்கையா என்னைத் தனியாக இழுத்தார். "வெளிய சொல்லிப்போடாத கண்ணு. என்ற புள்ளைக்கு மாப்ள பாக்கறம். எல்லாம் ஆண்டவன் செயல்."

நான் விடவில்லை. "என்ற பக்கம்னு நெனச்சப்ப ஊரெல்லாம் சொன்னீங்களே. இப்ப மட்டும் ஆண்டவன் வந்துட்டாருங்களா?"

நங்கையாவின் மகள் கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். "சொன்னது நல்லதுங்க அத்தை" என்றவள் தானே போய் டெஸ்ட் எடுத்தாள். அவளுக்கு அது இல்லை. எனக்கு நிம்மதி. நங்கையாவோ, இல்லாததைச் சொல்லிப் பிள்ளையைப் பயமுறுத்தினவள் என்று இன்றைக்கும் என்னைப் பேசிக்கொண்டிருக்கிறார்.

மகள் இப்போது நடக்கிறாள். தழும்பை முடி மறைத்துவிட்டது. இன்னொரு ஆபரேஷன் வேண்டியிருக்கலாம் என்கிறார்கள்.

ஒரு நாள் சாப்பிடும்போது என் வீட்டுக்காரர் தட்டைப் பார்த்தபடி சொன்னார்: "நான் அன்னைக்கே அக்காகிட்டப் பேசியிருக்கோணும்."

"ஆமாங்க, பேசியிருக்கோணும்" என்றேன். அதற்கு மேல் அவரைத் தேற்ற எனக்கு மனசு வரவில்லை.