வேற்றுக்கிரகத்தாரும் சாலமோனின் இடது காலும்

தயாமணியின் ஒரு கை சாலமோனின் தோளிலும் இன்னொரு கை அவர் இடுப்பிலும் இருந்தன. ஒரே இழுப்பில் அவரைத் தன் பக்கமாகப் புரட்டினாள். நனைந்த விரிப்பை அவர் முதுகோடு சேர்த்துச் சுருட்டித் தள்ளிவிட்டு, உலர்ந்த விரிப்பில் பாதியை அந்த இடத்தில் விரித்தாள். இந்த வேலையை அவள் முதுகுக்குக் கொடுப்பதில்லை. முழங்காலை மடக்கித் தொடையின் பலத்தில் செய்வாள். அறுபத்தோரு வயதிலும் நிமிர்ந்து நடக்கிறாள் என்றால் அதுதான் காரணம்.

"அம்மணி, ஒண்ணு தெரியுமா உனக்கு?" என்றார் சாலமோன், அவள் புடவை மடிப்பைப் பார்த்தபடியே. "நம்மளைச் செஞ்சது கடவுள் இல்லை."

"இடுப்பைக் கொஞ்சம் தூக்குங்க. வேற யாருங்கய்யா?"

"வேற கிரகத்துக்காரங்க. லேப்ல வச்சுச் செஞ்சிருக்காங்க. எல்லாம் வீடியோவுல இருக்குது."

"சரிங்க. இப்ப அந்தப் பக்கம் திரும்பலாம்."

துடியலூரில் மேட்டுப்பாளையம் சாலையிலிருந்து பிரியும் தெருவில் இருந்தது அந்த வீடு. முன்பக்கத்துக் கொட்டகையில்தான் சாலமோன் நாற்பது ஆண்டுகள் கிணற்று மோட்டார் செய்து விற்றார். சுற்றுவட்டத் தோட்டங்களில் பாதிக்கு அவர் மோட்டார்தான் தண்ணீர் இறைத்தது. ஞாயிற்றுக்கிழமை என்றால் சட்டையை மாற்றிக்கொண்டு சர்ச்சில் பிள்ளைகளுக்கு வேதபாடம் நடத்துவார். எழுபத்திரண்டாவது வயதில், ஐந்து வாரத்துக்கு முன்பு, குளியலறையில் விழுந்தார். பக்கவாதம். இடது கையும் இடது காலும் போயின. பேச்சு மட்டும் பழுதில்லாமல் நின்றது. வலது கையில் போன் வந்து உட்கார்ந்துகொண்டது.

தயாமணி தாராபுரத்துக்காரி. அவள் அம்மா மிஷன் விடுதியில் சமையல் செய்தவள். பத்தாவது முடித்ததும் ஓராண்டு நர்சிங் உதவியாளர் பயிற்சி, அப்புறம் கல்யாணம். லாரி ஓட்டிய கணவனுக்கு விபத்தில் முதுகெலும்பு முறிந்தது. நாலு வருடம் அவனைப் புரட்டிப் போட்டுப் புண் வராமல் பார்த்தாள். அவனை அடக்கம் செய்த அடுத்த மாதமே ஊரார் வீட்டு நோயாளிகளைப் பார்க்கக் கிளம்பிவிட்டாள். இது இருபத்தெட்டாவது வீடு. பதினொரு வீட்டில் ஆள் எழுந்து நடந்தார். மற்ற வீடுகளில் புண்ணும் நாற்றமும் இல்லாமல் கௌரவமாகப் போய்ச்சேர்ந்தார்கள். சாலமோன் முதல் கூட்டத்தில் சேர வேண்டிய ஆள் என்று, காலைத் தொட்டுப் பார்த்த அன்றே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

சாலமோனுக்குத்தான் அது தெரியவில்லை. முதல் மூன்று மாதம் முக்கியம், காலை அசைக்காமல் விட்டால் இறுகிவிடும், அப்புறம் கட்டில்தான் கதி என்று டாக்டர் சொல்லியிருந்தார். வாரத்தில் இரண்டு நாள் கனிஷ்கா என்ற பிசியோ பெண் வந்து பயிற்சி சொல்லிக் கொடுத்தாள். அவர் காலைக் கட்டை மாதிரி போட்டுக்கொண்டு கிடந்தார்.

"பழைய பார்ட்டைப் போட்டு எதுக்குத் தேய்க்கறீங்க?" என்று அந்தப் பெண்ணிடமே கேட்டார். "செஞ்சவங்க திரும்பி வாரப்போ மொத்தமா மாத்திக் குடுத்துருவாங்க."

"எப்ப வருவாங்க சார்?"

"சீக்கிரம்னு போட்டிருக்கான்."

கனிஷ்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு போய்விட்டாள். சாலமோனின் மனைவி ரஞ்சிதத்துக்குச் சிரிப்பு வரவில்லை. சமையலறையில் நின்று முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

தயாமணி ஒரு தப்புச் செய்தாள். மூன்றாம் வாரம் போன் சார்ஜரை எடுத்து அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தாள். அவர் ஒரு நாள் முழுக்க வாயைத் திறக்கவில்லை, மாத்திரைக்குக்கூட. நோயாளியிடமிருந்து எதையும் பிடுங்கக்கூடாது என்று அவளே எத்தனையோ பேருக்குச் சொன்னவள். சாயங்காலம் சார்ஜரைக் கொண்டுவந்து செருகிவிட்டு, "நான் செஞ்சது தப்புங்கய்யா" என்றாள். அவர் மாத்திரையை விழுங்கினார். சார்ஜரில் இரண்டு நாள் அரிசித் தவிடு ஒட்டியிருந்தது.

ஐந்தாம் வாரம், செவ்வாய்க்கிழமை, சர்ச் ஆயர் திருவிருந்து கொடுக்க வந்தார். அப்பமும் திராட்சை ரசமும் சின்னப் பெட்டியில் இருந்தன. சாலமோன் வேண்டாம் என்று தலையாட்டினார். பைபிளில் எசேக்கியேல் தீர்க்கதரிசி வானத்தில் கண்ட, சக்கரத்துக்குள் சக்கரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

"நாப்பது வருசம் பேரிங் மாட்டுனவனுங்க நான். அது அவங்க பறந்து வந்த மெசின் இல்லாம வேற என்னங்க?"

ஆயர் நன்றாகப் படித்தவர். பொறுமையாகவே பதில் சொன்னார். தீர்க்கதரிசி கண்டது தரிசனம், எந்திரத்தின் வரைபடம் அல்ல என்றார். "சரி, அவங்கதான் நம்மைச் செஞ்சாங்கன்னே வைங்க. அவங்களைச் செஞ்சது யாரு?"

"உங்க கடவுளைச் செஞ்சது யாருங்க?"

"செய்யப்பட்டதுக்குத்தான் ஒருத்தர் செஞ்சிருக்கணும். அவங்களுக்கும் உடம்பு இருக்கு, பிறப்பு இருக்கு. கடவுளுக்கு ஆரம்பமே இல்லை. நீங்க கேள்வியை ஒரு மாடி மேல தூக்கி வச்சிருக்கீங்க, அவ்வளவுதான்."

சாலமோன் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆயர் பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு போனார். வாசல்வரை போன ரஞ்சிதம் அழுதாள்.

"அவர் சொன்னது அத்தனையும் சரிதானே, தயாமணி?"

"நூத்துக்கு நூறு சரிங்கக்கா. ஆனா காலு அசையலையே."

வெள்ளிக்கிழமை மாலை தொண்டாமுத்தூரிலிருந்து மயில்சாமி வந்தார். பழைய வாடிக்கைக்காரர். இரண்டு இளநீர்க் குலையைத் திண்டில் வைத்துவிட்டுக் கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"ஏனுங்க சாலமோன், இப்படிப் படுத்துப்போட்டீங்க? ஆனை வந்து தென்னையை முறிச்ச மாதிரி இருக்குது பார்க்கறதுக்கு."

"ஆனையாச்சும் ஒரு மரத்தோட உட்டுரும். இது கையையும் காலையும் சேர்த்தே முறிச்சுப்போட்டுது."

மயில்சாமி சிரித்துவிட்டுத் தயாமணி பக்கம் திரும்பினார். "இவரு என்ன பண்ணுனாருன்னு தெரியுங்களா உங்களுக்கு? பஞ்ச வருசம். வாழை குலை தள்ளுற நேரம், மோட்டார் நின்னு போச்சு. அறுவதடிக் கெணறு. இவரோட ஆளுக ரெண்டு பேரு எட்டிப் பார்த்தாங்க. மோட்டார் மேடையில பாம்பு சுருண்டு கிடக்குது. மாட்டேன்னு ஓடிப்போட்டாங்க. இவரு வெள்ளைச் சட்டையோட வந்து இறங்குனாரு, கவுத்தைப் புடிச்சுட்டு. நாலு மணி நேரம் உள்ளயே. வேற மோட்டார் வாங்கிக்கறேன், ஏறி வாங்கன்னு மேல இருந்து கத்துறேன். கேக்கணுமே!"

"பாம்பு?" என்றாள் தயாமணி.

"அது இவரைப் பார்த்துட்டு ஓரமாப் போயிருச்சு. அது பொழைச்சது."

சாலமோன் முகத்தில் ஐந்து வாரத்துக்குப் பிறகு சிரிப்பு வந்தது. மயில்சாமி போனதும் அது மறைந்து, கை போனைத் தேடியது. தயாமணி எண்ணெய்க் கிண்ணத்தோடு கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து இடது பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். குதிகால் சிவந்திருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை.

"ஏனுங்கய்யா, வேற மோட்டார் வாங்கறேன்னு அவரே சொல்றாரு. பாம்புக் கெணத்துல எதுக்கு இறங்குனீங்க?"

"என்ற மோட்டாரு அது. நான் சுத்துன செப்புக்கம்பிக் காயில். இன்னொருத்தன் இறங்கி என்னத்தைப் பார்ப்பான்?"

"உங்க வீடியோக்காரங்க அப்படி இறங்குனாங்களா?"

அவர் போனைக் குப்புற வைத்தார்.

"செஞ்சுபோட்டு மேல போயிட்டாங்க. மேல இருந்தே பாக்கறாங்க. இப்ப வாரேன், அப்ப வாரேங்கறாங்க. நீங்க நடத்துன கம்பெனி அவங்களதைவிட நல்ல கம்பெனிங்கய்யா. நான் கும்புடறவரு இறங்கிட்டாரு. மாட்டுக் கொட்டாயில குழந்தையா இறங்குனாரு. கூட இருந்த சீசருங்களோட மண்ணு ஒட்டுன காலை உக்காந்து கழுவுனாரு. இந்த வேலையை முப்பது வருசமா நான் செய்யறேன், எத்தனை நாறும்னு எனக்குத் தெரியும். அதைச் செஞ்ச கடவுளை உட்டுப்போட்டு இன்னொருத்தரை நான் எங்க போய்த் தேடறது?"

"அப்ப என்ற காலை ஏன் சரி பண்ணல அவரு?"

இந்தக் கேள்விக்காகத்தான் மற்ற கேள்விகள் எல்லாம் வந்தன என்று தயாமணிக்குப் புரிந்தது. எண்ணெய் தேய்க்கும் கை நிற்கவில்லை.

"தெரியாதுங்க. எங்கூட்டுக்காரர் நாலு வருசம் கிடந்தப்ப நானும் இதைத்தான் கேட்டேன். பதில் வரலை. ஆனா நான் ஒத்தையில கிடந்து செத்தேன்னு ஒரு நாளும் தோணலை. அதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியாது."

சாலமோன் கூரையைப் பார்த்தார். கண்ணோரத்தில் ஈரம் இருந்தது. அவள் அதைப் பார்க்காதவள் போல விரல்களை ஒவ்வொன்றாக நீவினாள்.

"கெணத்துக்குள்ள நாலு மணி நேரம் என்னத்தைச் செஞ்சீங்க?"

"நட்டு துரு புடிச்சுப் போச்சு. முக்கால்வாசி நேரம் அதுக்கே சரியாப் போச்சு."

"கடைசியில கழண்டுச்சுங்களா?"

"கழலாம? கொஞ்சம் மண்ணெண்ணெய், கொஞ்சம் தட்டு. முதல்ல ஒரு நூல் அளவு அசையும். அது அசைஞ்சிருச்சுன்னா மீதி தானா வரும்."

"அப்படிங்களா. இப்ப என்ற கையைப் பாதத்தால தள்ளுங்க. ஒரு நூல் போதும்."

"அம்மணி, நீ என்னை நட்டுங்கறயா?"

"துருப்புடிச்ச நட்டு. தள்ளுங்க."

அவர் பல்லைக் கடித்தார். கழுத்து நரம்பு புடைத்தது. உள்ளங்கையில் தயாமணிக்கு ஏதோ பட்டது. அழுத்தம் என்றுகூடச் சொல்ல முடியாது, ஆனால் கால் அசைந்தது. அவள் ஆகா ஓகோ என்று சொல்லவில்லை. "இன்னொண்ணு" என்றாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்குத் தயாமணி காபியோடு வந்தபோது, சாலமோன் வலது கையால் போர்வையை விலக்கிவிட்டுக் காத்திருந்தார். போன் ஜன்னல் திண்டில் கிடந்தது. அவரைப் பக்கவாட்டில் புரட்டி, இரண்டு கால்களையும் கட்டிலுக்கு வெளியே இறக்கி, தோளைப் பிடித்து நிமிர்த்தி உட்கார வைத்தாள். இடது முழங்கால் வழுக்காமல் தன் முழங்காலால் முட்டுக் கொடுத்தாள். ஐந்து வாரத்துக்குப் பிறகு அவர் பாதங்கள் தரையைத் தொட்டன. சத்தம் கேட்டு ரஞ்சிதம் காபி வடிகட்டியோடு ஓடிவந்து நிலைப்படியில் நின்றாள்.

"ஆயருக்குப் போன் போடு" என்றார் சாலமோன் மூச்சு வாங்க. "நாளைக்குத் திருவிருந்து கொண்டாரச் சொல்லு. படுத்துட்டு வாங்க மாட்டேன். இப்படி உக்காந்துதான்."

"கிரகத்துக்காரங்க வந்தா என்னங்க சொல்றது?" என்றாள் தயாமணி.

"ஞாயித்துக்கிழமை நமக்கு லீவுன்னு சொல்லு."

ரஞ்சிதம் வடிகட்டியைக் கீழே வைக்காமலே போன் எண்ணைத் தேடினாள். தயாமணி அவர் பாதத்தின் முன்னால் தன் உள்ளங்கையை வைத்தாள்.

"முதுகை நிமிர்த்துங்க. ம், தள்ளுங்க. ஒண்ணு."