மாமா வாங்கிய ஏரி

பெங்களூரில் மாமா வீடு வாங்கியிருக்கிறார் என்றுதான் ஊரில் சொன்னார்கள். மாமா பேசுவதைக் கேட்டால் ஏரியையே வாங்கிவிட்டார் போலிருக்கும். அம்மாவின் அண்ணன் அவர். "பால்கனில நின்னா ஏரி, கீழ எறங்கினா ஏரி. வந்து பாருங்க மாப்ள" என்று போனில் அப்பாவை வருந்தி வருந்தி அழைத்தார். நான் அப்போது இரண்டாம் வகுப்பு. ஆம்பூரில் பாலாற்றின் மணலை மட்டுமே பார்த்து வளர்ந்தவள். ஏரி என்றதும் தூக்கமே பிடிக்கவில்லை.

அப்பாவுக்கு டேனரியில் வேலை. சுண்ணாம்புத் தொட்டியில் ஊறும் பச்சைத்தோலைத் தூக்கிப் புரட்டுவார். அந்த வாடை எந்த சோப்புக்கும் அடங்காது. பஸ்ஸில் அப்பா உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் எழுந்து நின்றுகொள்வார். அதை மரியாதை என்று நினைத்து நான் பெருமைப்பட்டிருக்கிறேன். பெங்களூர் கிளம்பிய அன்று அப்பா தேய்த்துத் தேய்த்துக் குளித்தார், பவுடர் டப்பாவைக் கவிழ்த்துக்கொண்டார். அப்படியும் ரயிலில் இடமிருந்தும் உட்காரவில்லை. "காத்து வாங்கறேன்" என்று கதவோரமே நின்றுகொண்டு வந்தார்.

சாயங்காலம் மாமா எங்களை ஏரிக்கரைக்கு நடத்திக் கூட்டிப்போனார். சுற்றிலும் பாதி கட்டிய மாடிகள், அவற்றின் தலைக்கு மேல் கிரேன்கள். கரை நெடுக வழவழவென்று கல் பாவிய நடைபாதை, கம்பி வேலி, பெஞ்சுகள், சோளம் சுடும் வண்டி. தண்ணீர் மேல் வெள்ளை வெளேரென்று நுரை மிதந்தது. காற்றடித்தால் பிய்ந்து பறந்தும் வந்தது. அதைப் பிடிக்க ஓடிய என்னை அத்தை சடையைப் பற்றி நிறுத்தினார்.

அப்போது காற்று எங்கள் பக்கம் திரும்பியது. அடுத்த பெஞ்சில் இருந்த ஜோடி மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனது. மாமா பையன், "இன்னாப்பா இப்படி நாறுது?" என்றான்.

"நாத்தமா? அதெல்லாம் ஒண்ணுமில்ல. வாய மூடு" என்று அதட்டிய மாமா, சங்கடத்தோடு அப்பாவை ஓரக்கண்ணால் பார்த்தார்.

பார்த்ததுதான் வினை. மாமா தன் ஏரியின் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். அப்பாவோ, தன்மேல் வீசும் வாடையை மறைத்து மச்சான் தன் மானத்தைக் காப்பாற்றுகிறார் என்று நினைத்துவிட்டார். டேனரியிலேயே மரத்துப்போன மூக்கு அது, வேறு எப்படி நினைக்கும்? முகம் சுண்டிப்போய், மெல்ல நகர்ந்து நகர்ந்து வேலியின் கடைசிக்கே போய் நின்றுகொண்டார்.

"வாங்க மாப்ள, ஃபோட்டோ எடுக்கலாம்."

"நானே எடுக்கறேன் மச்சான். நீங்கல்லாம் சேந்து நில்லுங்க" என்று அங்கிருந்தபடியே எடுத்தார். அந்தப் படத்தில் நாங்கள் எறும்புகளாகத் தெரிவோம்.

அம்மா என்னிடம் ஒரு சோளக்கதிரைக் கொடுத்து அப்பாவிடம் அனுப்பினாள். நான் கிட்டே போகுமுன்பே அவர் கையைக் காட்டித் தடுத்தார்.

"இங்க வராத பாப்பா. அங்க மாமாகூட நில்லு."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "போப்பா! ஏரி அங்கதான் ஜாஸ்தி நாறுது. இங்க கம்மியா கீது. நீ மட்டும் நல்ல எடமாப் பாத்து வந்து நின்னுகினு, என்னை அங்க போகச் சொல்றியே!"

"ஏரியா நாறுது?"

அப்பா கம்பி மேல் குனிந்து மூச்சை நீளமாக இழுத்தார். சட்டைக் கையை முகர்ந்தார். மறுபடி ஏரி. பிறகு சிரிக்க ஆரம்பித்தவர்தான், கண்ணில் நீர் வரும்வரை நிறுத்தவில்லை. என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நேரே மாமாவிடம் போனார். வெளியிடத்தில் யாரையும் ஒட்டி நிற்காத மனிதர், மாமாவின் தோளில் கையைப் போட்டு இறுக்கிக்கொண்டார்.

"ஏரின்னா இது ஏரி மச்சான்! குடுத்து வச்சவரு நீங்க!"

மாமாவின் முகம் தொங்கிப்போயிற்று. குத்திக் காட்டுகிறார் என்று நினைத்திருப்பார், பாவம்.

இருட்டியதும் எல்லோரும் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். அப்பா மட்டும் பெஞ்சின் நடுவில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம் என்று கெஞ்சினார். அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததே இல்லை. மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. இந்த நாறுகிற தண்ணிக்கே இப்படி மயங்குகிறாரே, இவருக்கு நல்ல ஏரியை யாருமே காட்டவில்லை போலிருக்கிறது, பெரியவளானதும் நாம்தான் அழைத்துப் போக வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன்.